மூலை அறைக்குப் போன கஞ்சி

"சார், கோபாலன் பதில் சொல்றான்!"

ஹாஸ்டல் பையன் வெங்கட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். நிஜாம் ஆட்சிக் காலத்தில் ஹைதராபாத்தில் ஒரு கல்லூரி ஹாஸ்டலுக்கு நான் மெஸ் மேனேஜர்.

"காய்ச்சல்காரன் பதில் சொன்னா நல்லதுதானேடா" என்றேன்.

"கோபாலன்னு ஒருத்தனே கிடையாது சார். நாங்கதான் கதை கட்டிவிட்டோம்."

பிளேக் பயம் இருந்த ஊர். ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியை மூடி அறை வாசலில் வைப்போம். உள்ளே யாரும் போகமாட்டோம். காலிப் பாத்திரத்தை அவனே வெளியே வைத்துவிடுவான். அது எங்கள் மெஸ் வழக்கம்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. பையன்கள் வராந்தாவில் கொட்டாவி விட்டுக்கொண்டு, "படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறோம்" என்று புலம்பிக் கிடந்தார்கள். பொழுது போகாமல் வெங்கட்டுவும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியை உண்டாக்கி, காலியாக இருந்த மூலை அறையில் படுக்கவைத்துவிட்டார்கள். பிறகு ஹாஸ்டலே அந்த வாசலில் நின்று "தேவலையா?" என்று கேட்டது. வடிகட்டின முட்டாளாக நானும் கேட்டேன்.

"அப்போ கஞ்சியை யாருடா குடிச்சது?"

"கிச்சன் ஆளுங்கன்னு நினைச்சோம் சார்."

சமையல்காரர் தலையை ஆட்டினார். "பாத்திரம் தினமும் கழுவியே வெளியில இருக்குங்க."

"வாடா, பார்க்கலாம்" என்றேன். "நக்கோ சார், வேண்டாம், நான் வரலை" என்று வெங்கட்டு தூணைப் பிடித்துக்கொண்டான்.

பகல்தான். ஆனாலும் மழையில் வராந்தா இருண்டு கிடந்தது. கதவைத் தட்டினேன். "கோபாலா, உடம்பு எப்படி இருக்கு?"

"இன்னிக்குத் தேவலை சார்."

தள்ளித் திறந்தேன். கழுத்துவரை போர்த்திக்கொண்டு கட்டிலில் இருந்தது ராமநாதன். காஜிப்பேட்டை ரயில்வே ஃபிட்டரின் மகன். மெஸ்ஸில் கடைசி வரிசையில் சத்தமில்லாமல் சாப்பிட்டுப் போகிறவன். நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது.

"ராமநாதா, இங்க என்ன பண்றே?"

"ராமநாதன் போயிட்டான் சார்."

"எங்கே?"

"அவன் எங்கேன்னு நீங்க யாருமே கேக்கலையே." அவன் குரலில் கோபமே இல்லை. "அவன் வந்தாலும் வராட்டியும் ஒண்ணுதான். கோபாலனை எல்லாரும் விசாரிக்கறீங்க. கோபாலனா இருந்தா காலையில எழுந்திருக்கத் தோணுது சார்."

இந்தப் பிள்ளை ஒருநாள் நிஜமாகவே போய்விடுவான், அன்றும் யாரும் கேட்கமாட்டோம் என்று பயந்துபோனேன்.

மதியம் பரிமாறுவதை நிறுத்தினேன். "ராமநாதன் வரலை. அவன் வந்தாத்தான் சாப்பாடு."

"யார் சார் ராமநாதன்?" என்றான் அவன் வகுப்புப் பையனே ஒருவன். வெங்கட்டுதான் எழுந்துபோய் வராந்தாவில் நின்று, "டேய் ராமநாதா!" என்று கூப்பிட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்து கூப்பிட்டார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மூலை அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் கதவு கிறீச்சிட்டது. ராமநாதன் வந்து உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில், "சார், கொஞ்சம் ரசம்" என்றான். நானே எடுத்துப்போய் ஊற்றினேன்.

மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் சமையல்காரர் கஞ்சியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பினார். பையன்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோபாலன் ஊருக்குப் போயிட்டான்" என்றான் ராமநாதன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஹாஸ்டல் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காய்ச்சல்காரனை ஊரே விசாரிக்கும். காய்ச்சல் இல்லாதவனை நீங்கள் விசாரியுங்கள்.