திரும்பச் சொன்ன அம்புக்குறி

என் மனைவி பிர்தௌஸ் ஒரு தாளைக் கையில் எடுத்தால் முதலில் அதைத் தள்ளிப் பிடிப்பாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகுதான் கேட்பாள்: "இதப் பாத்துட்டு ஒருத்தர் என்ன செய்வாரு?" அழகாக இருக்கிறதா என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான். சில நோட்டீஸ்களுக்கு அந்தப் பேச்சு வரவே வராது.

செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் கடை. ஜெராக்ஸ், டிடிபி, பிளெக்ஸ் டிசைன். நான் பி.காம் படித்தவன், மெஷினையும் வாடிக்கையாளரையும் பார்த்துக்கொள்வேன். கம்ப்யூட்டர் முன்னால் அவள்தான். ஆசிரமத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் தினமும் வந்து பஸ் நேரம் கேட்பார்கள் என்று அவளே ஒரு பக்க அட்டவணை ஒன்று செய்து கடை முகப்பில் ஒட்டியிருந்தாள். எந்த ஊருக்கு, எங்கே ஏறவேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இவ்வளவுதான். மாதம் பிறந்தால் பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த சக்கரபாணிக்குப் போன் போட்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பாள். அவர் ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. "பாய், உங்க வீட்டம்மா என்னை ரிட்டையர் ஆகவே விடமாட்டாங்க போல" என்பார் என்னிடம்.

அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் போன வருஷம் தீபத்துக்கு முன்னால் அவளை நடுவராகக் கூப்பிட்டார்கள்.

தீபத்தன்று ஊருக்குள் பஸ் வராது. ஒவ்வொரு சாலையிலும் ஊருக்கு வெளியே ஒரு தற்காலிகப் பேருந்து நிலையம். எந்த ஊர் பஸ் எந்தச் சாலையில் நிற்கிறது என்று தெரியாமல் ஜனங்கள் அலைவார்கள். அதற்காக யாத்திரிகர் உதவி மன்றம் என்ற அமைப்பு ஒரு விளக்கப்படம் தயாரிக்க நினைத்தது. கிரிவலப் பாதையில் எட்டு இடங்களில் பெரிய பலகையாக வைக்கவும், துண்டுத்தாளாகக் கொடுக்கவும். டிசைன் போட்டி வைத்தார்கள். ஒன்பது படங்கள் வந்திருந்தன. நடுவர்கள் மூன்று பேர்: பாலிடெக்னிக்கில் வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்ற இராமலிங்கம், சக்கரபாணி, பிர்தௌஸ். மூவரும் கையெழுத்துப் போட்ட படம், அவர்கள் கூடும் அன்றே மாலை ஐந்து மணிக்குள் அச்சகம் போய்ச் சேரவேண்டும். தவறினால் அச்சகம் வேறு வேலையில் இறங்கிவிடும், தீபத்துக்குள் பலகை வராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அன்று ஐப்பசிப் பௌர்ணமி. வேங்கிக்காலில் ஒரு மண்டபத்தில் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். அவளைக் கொண்டுவந்து விட்ட நான் பின் நாற்காலியில் இருந்தேன்.

முதல் எட்டுப் படங்களைச் சீக்கிரமே தள்ளிவிட்டார்கள். ஒன்றில் சாமி படம் முக்கால்வாசி; பஸ் விவரம் எறும்பு ஊர்ந்தது போலக் கீழே. ஒன்றில் பதினாலு நிறம். "இது துணிக்கடை விளம்பரமா சார்?" என்றாள் பிர்தௌஸ். இன்னொன்றில் எண்கள் மேலே, அவற்றின் விளக்கம் கீழே. "ஆறாவது என்னன்னு கீழ பாத்துட்டு மேல வர்றதுக்குள்ள பஸ்ஸு போயிடும்" என்று சக்கரபாணி சிரித்தார்.

ஒன்பதாவது படத்தை விரித்ததும் மூவரும் மேஜை மேல் குனிந்தார்கள். அபிநயா என்ற பெண் செய்தது. நடுவில் மலை, சுற்றிலும் காவி நிறத்தில் பாதை, பாதையில் எட்டுப் பலகைகள். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு நிறம்; அங்கிருந்து போகும் ஊர்ப் பெயர்களும் அதே நிறத்தில். எழுத்து பெரியது, சுத்தமானது. ஒவ்வொரு பலகையிலும் 'நீங்கள் இங்கே' என்று ஒரு புள்ளி. அதிலிருந்து அருகிலிருக்கும் நிலையத்துக்கு ஓர் அம்புக்குறி, தூரத்தோடு. இராமலிங்கம் ஸ்கேல் வைத்து அளந்தார். தூரம் எல்லாம் சரி. தகவல் என்ற பிரிவில் நாற்பது மதிப்பெண்ணுக்கு முப்பத்தொன்பது போட்டார். சக்கரபாணி முப்பத்தெட்டு.

பிர்தௌஸ் படத்தைத் தள்ளிப் பிடித்தாள். பிறகு மேஜையில் வைத்து, ராஜகோபுரத்தில் விரலை வைத்துப் பாதையோடு நகர்த்தினாள். தெற்கே வந்து, செங்கம் சாலை, அங்கிருந்து வலது பக்கம் பிரிந்து மலைக்குப் பின்னால், அடி அண்ணாமலை. ஐந்தாவது பலகை. அங்கே விரல் நின்றது. அம்புக்குறியோடு போக விரல் வந்த வழியே திரும்பவேண்டியிருந்தது.

தகவல் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டாள்.

"என்னம்மா இது?" என்றார் இராமலிங்கம்.

"அஞ்சாவது பலகையில திரும்பிப் போன்னு போட்டிருக்கு சார். செங்கம் ரோடு ஸ்டாண்டு, மூணு கிலோமீட்டர் பின்னால."

"ஆமா. அதான கிட்ட? தர்மபுரி பஸ்ஸு, பெங்களூரு பஸ்ஸு எல்லாம் அங்கதான் நிக்குது."

"கிட்டதான். யாரு திரும்புவாங்க?"

அவர் புரியாமல் பார்த்தார். அவரும் சக்கரபாணியும் மாதம் தவறாமல் கிரிவலம் போகிறவர்கள். அவர்களுக்கே இது தோன்றாதது எனக்கு அப்போதே வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் இந்த ஊர்க்காரர்கள். பதினாலு கிலோமீட்டரும் முடித்து நேரே வீட்டுக்குப் போய்க் காலை நீட்டுவார்கள். பாதி வழியில் நின்று அவர்கள் ஒருநாளும் பஸ் தேடியதில்லை. தேடுகிறவர்கள் வந்து நிற்பது எங்கள் கடை வாசலில்.

"ஒரு பௌர்ணமில கால் வீங்கிப்போயி ஒரு அம்மா வந்தாங்க சார்" என்றாள் பிர்தௌஸ். "பின்னால இருநூறு அடில பஸ்ஸு நிக்குதும்மா, ஏறிக்கங்கன்னேன். சுத்த ஆரம்பிச்சிட்டு திரும்பக்கூடாதும்மான்னுட்டு நொண்டிக்கிட்டே முன்னால போயிட்டாங்க. இன்னும் பத்து கிலோமீட்டர். மலையை வலது கைப் பக்கம் வெச்சிதான் நடப்பாங்க. இடது கைப் பக்கம் வெச்சி நடன்னு இந்தப் படம் சொல்லுது."

இராமலிங்கத்தின் முகம் இறுகியது. மணி மூன்றரை. அவர் என் பக்கம் திரும்பினார். "பாய், நீங்களாவது சொல்லுங்க. கடைசி நேரத்துல இவங்க தடுத்து, பலகையே வரலன்னா, ஊர்ல என்ன பேசுவாங்க? சாமி காரியத்துல பாய் வீட்டம்மா கட்டய போட்டாங்கன்னுதான் பேசுவாங்க. நான் பேசல. பேசுவாங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊரில் இருக்கிறோம். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தை வந்துவிடக்கூடாது என்பதுதான் எனக்கு எப்போதும் பயம். எழுந்து போய் அவள் காதருகே சொன்னேன்: "கையெழுத்த போட்டுட்டு வா பிர்தௌஸ். நமக்கெதுக்கு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "இன்னிக்குப் பௌர்ணமிதானே சார்?" என்றாள் இராமலிங்கத்திடம். "படம் கைல இருக்கு. ஜனம் ரோட்டுல இருக்கு. அஞ்சாவது பலகை வைக்கற எடத்துல இத ஒட்டிப் பாப்போம். நான் சொல்றது தப்புன்னா அங்கயே கையெழுத்து போடறேன்."

சக்கரபாணிதான் முதலில் எழுந்தார். "வாங்க சார். ஒண்ணரை மணி நேரம் இருக்குதே."

காஞ்சி சாலை வழியாகச் சுற்றிப் போனோம். பாதைக்குள் வண்டி விடவில்லை. முனையில் நிறுத்திவிட்டு இறங்கினோம். பொழுது சாய்வதற்குள்ளேயே கூட்டம் சேர்ந்திருந்தது. எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். ஐந்தாவது பலகையின் இடத்துக்கு நாங்கள் அவர்களுக்கு எதிராக நடக்கவேண்டும்.

சக்கரபாணி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். இரண்டடி வைத்தார். நின்றார்.

"என்ன சார்?" என்றாள் பிர்தௌஸ்.

"இல்ல... எதிர்ல நடக்கறது ஒரு மாதிரி இருக்குதும்மா."

"உங்களுக்கு அரை கிலோமீட்டர்தான் சார். அவங்களுக்கு மூணு."

சக்கரபாணி இராமலிங்கத்தைப் பார்த்தார். இராமலிங்கமும் நகரவில்லை. "நாம வேற. கடைசி பஸ்ஸ விடப்போற அவசரத்துல இருக்கறவன் இதெல்லாம் பாக்கமாட்டான். போவான்" என்றார். பிறகு இருவரும் பாதையை விட்டு இறங்கி, பக்கத்து நிலங்களின் ஓரமாக நடந்து வந்தார்கள். நானும் அவளும் பாதையோரமாகவே போனோம். எத்தனை தோள்கள் இடித்தன என்று கணக்கில்லை. "ஏங்க, எதிர்ல வர்றீங்களே" என்று ஒரு பெண் கோபப்பட்டாள்.

அடி அண்ணாமலையில் பாதை குறுகும் இடத்தில் ஒரு கம்பத்தில் படத்தை ஒட்டினோம். மணி நாலே கால். ஜனம் வரும் பக்கமாகத் தள்ளி நின்று பார்த்தோம்.

பலரும் பார்த்தார்கள். படம் கண்ணை இழுத்தது, அதில் குறையில்லை. "செங்கம் ரோடு பின்னாலயாம்" என்று படித்துவிட்டு முன்னால் நடந்தார்கள். ஒருவர் அம்புக்குறியைப் பார்த்துச் சிரித்தார்: "எவன்டா இது, சாமிக்கே ரிவர்ஸ் கியர் போடறான்?" சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டார். இராமலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்தது. தோளில் நாலு வயதுப் பெண் குழந்தையோடு ஓர் ஆள், பின்னால் மனைவி. தர்மபுரிப் பக்கம். குழந்தைக்கு ஜுரம் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவன் படத்தைப் படித்தான்.

"மூணு கிலோமீட்டர்தான் சரசு. திரும்பிடலாம்."

"சுத்து முடிக்காம எப்படிங்க?"

"புள்ளைக்கு கொதிக்குது. போட்டிருக்காங்க பாரு, இப்படித்தான் போவணும்னு."

"பாத்தீங்களா?" என்றார் இராமலிங்கம் மெல்ல. "போறான்."

அவன் திரும்பினான். பத்தடிகூடப் போயிருக்கமாட்டான். எதிரே ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு பெண்கள் கூட்டம் வந்தது. அவன் நடுவில் புகுந்தான். பிடி அறுந்தது. "எம்மாடி, எங்க போற", "ஏய் தள்ளாத". பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். கூட்டம் முள்வேலிப் பக்கம் சாய்ந்தது. ஒரு கிழவி உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் இன்னொருத்தி. குழந்தை தோளில் இருந்து ஒரு பக்கம் சரிவதைப் பார்த்தேன். சரசு வீரிட்டாள்.

நான் அசைவதற்குள் பிர்தௌஸ் போய்விட்டாள். எதிரே போகவில்லை, கூட்டத்தோடு சேர்ந்து நடந்து, அவன் பக்கமாக வந்து, குழந்தையைக் கையில் வாங்கி, "திரும்புங்க! எங்கூட முன்னால நடங்க!" என்று கத்தினாள். சக்கரபாணி பஸ் நிலையத்துக் குரலில், "நில்லு! பின்னால நில்லு!" என்றார். கிழவியைத் தூக்கினோம். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிஷம் இருக்கும்.

திரும்பிப் பார்த்தபோது இராமலிங்கம் கம்பத்திலிருந்து படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார். டேப்பு வரவில்லை. நகத்தால் சுரண்டினார்.

"திரும்பாதவனுக்கு இது வீண்" என்றார் அவளிடம். "திரும்பறவனுக்கு இது..." போனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார். "இன்னிக்கு வராது. நாளைக்குக் காலைல. வேற வேலை எறக்குவீங்கன்னா நானே வந்து வாசல்ல உக்காந்துக்கறேன்."

காஞ்சி சாலை முனையிலிருந்த மருத்துவ முகாமில் சரசுவையும் குழந்தையையும் விட்டோம். அந்த ஆளைக் குற்றம் சொல்ல முடியாது. படம் சொன்னதை நம்பினான்.

படத்தைத் திருத்தக் கூப்பிட்டோம்; அன்று மாலையே அபிநயா கடைக்கு வந்தபோது கோபமாக இருந்தாள். "அக்கா, நான் அளந்ததுல தப்பு இருக்கா?"

"இல்லமா. தூரம் சரி. ஆனா சுத்தி நடக்கறவங்களுக்கு அது வழியில்ல, அவ்ளோதான்" என்று நடந்ததைச் சொன்னாள் பிர்தௌஸ். அந்தப் பெண் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டு அம்புகளும் முன்பக்கம் காட்டும்படி திருப்பினாள்.

ஆனால் திருப்பினால் மட்டும் போதாது. ஐந்தாவது பலகையிலிருந்து முன்னால் போனால் வருவது காஞ்சி சாலை நிலையம். அங்கே தர்மபுரி பஸ் கிடையாது. "அங்கிருந்து செங்கம் ரோட்டுக்கு இணைப்பு பஸ்ஸுன்னு போட்டுக்கலாமே" என்றாள் அபிநயா. "வராத பஸ்ஸ எழுதமாட்டேன்" என்றாள் பிர்தௌஸ். சக்கரபாணி போனும் கையுமாக வாசலில் நின்று, தெரிந்தவர்கள் ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சினார். அந்த வரி மட்டும் திரையில் வெறுமையாக இருந்தது. ஏழரை மணிக்கு அவர் உள்ளே வந்து, "ரெண்டு பஸ்ஸு. விடிய விடிய ஓட்றாங்க. எழுதும்மா" என்றார்.

மறுநாள் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தீபத்தன்று நானும் அவளும் அடி அண்ணாமலைக்குப் போனோம். கம்பத்தில் பலகை இருந்தது. அவள் பலகையைப் பார்க்கவில்லை. படித்துவிட்டு நகர்கிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் மனைவியிடம், "முன்னாலயே போலாம், பஸ்ஸு இருக்குதாம்" என்றார். போனார்கள். அடுத்தவர்கள் வந்தார்கள். அவர்களும் போனார்கள். யாரும் திரும்பவில்லை.

பங்குனியில் அவளுக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

அந்த மண்டபத்தில் அவள் காதருகே நான் சொன்னதை அவள் பிறகு ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. தீபத்தன்று அங்கே நின்றபோது, நீ செய்ததுதான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் இருவரும் சாப்பிட்டுப் படுத்துவிட்டோம்.