மலை சுற்றி வந்த கட்டில்

இன்று பௌர்ணமி என்பதை மறந்து, புது மடக்குக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது.

காலை எட்டு மணிக்குக் கடையின் வேன் டிரைவர் செல்லில் கூப்பிட்டார்.

"போலீஸ் மறிச்சிட்டாங்க சார். உங்க வூட்டுக்கு அந்தாண்ட அரை கிலோமீட்டர்ல நிக்கிறேன். வந்து எடுத்துக்கோங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பில்லுல வீட்டில் சேர்க்கப்படும்னு எழுதியிருக்கு. வீடுன்னா வீடுதாங்க."

"சரிங்க சார், கொண்டாந்துடறோம்."

பத்து நிமிட நடை. ஐந்து மணி நேரமாக ஆளைக் காணோம்.

பிறகு டிரைவரும் லோடுமேனும், நெற்றி நிறைய விபூதியோடு, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து அல்ல, எதிர்ப்பக்கத்திலிருந்து!

"பௌர்ணமி அன்னைக்கு ஜனங்களுக்கு எதிர்ல நடக்கக் கூடாதுங்களே சார். அதான் மலைய முழுசா சுத்திக்கினு வந்துட்டோம். வழியில கால் வலிச்சவங்க ரெண்டு பேரு இதுல உக்காந்தாங்க. கட்டில் நல்லா ஸ்ட்ராங்கு சார்."

கோபம் போன இடம் தெரியவில்லை. மோர் கொடுத்து, பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

கடைக்காரர் சொன்னபடி வீட்டில் சேர்த்துவிட்டார். கிரிவலப் புண்ணியம் மட்டும் யார் கணக்கில்? தூக்கிவந்தவர்களுக்கா, கட்டிலில் சாய்ந்தபடி இதை எழுதுகிற எனக்கா?