அளவான சங்கீதம்

ஞானபூரணி டீச்சர் மதுரையில் ஏழு வருஷம் சங்கீதம் படித்தவள். சிவகாசிக்கு வந்தபின் அவளிடம் எல்லாரும் கேட்டது ஒரே ஒரு பாட்டுதான். பெண் பார்க்க வருகிறவர்கள் "பாடத் தெரியுமா?" என்பார்கள், அதற்கு ஒரு பாட்டு. கழுத்தில் தாலி ஏறியதும் ஆர்மோனியம் பரணில் ஏறிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் அச்சாபீஸ் முதலாளி சங்கரலிங்கத்தின் மகள் வடிவு படிக்க வந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் டீச்சருக்குப் புத்தி கெட்டுப்போனது. ஒரே வருஷத்தில் தான் கற்றதையெல்லாம் கொட்டிவிட்டாள்.

விருதுநகரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வடிவு கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் பாடினாள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

"இம்புட்டுப் படிச்ச பொண்ணு மேடைக்கு அலையும். எங்களுக்கு ஒத்துவராது."

மறுநாள் சங்கரலிங்கம் டீச்சரை வாசலிலேயே நிறுத்தினார்.

"அளவாச் சொல்லிக் குடுத்திருக்கலாமுல்ல டீச்சர்?"

இன்னும் இரண்டு வரன் தட்டிப்போய், கடைசியில் எம். புதுப்பட்டிக்கு இரண்டாந்தாரமாகப் போனாள் வடிவு. அதன்பின் டீச்சர் அளவாகவே சொல்லிக் கொடுத்தாள். குரல் நன்றாக இருந்த பிள்ளைகளை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

அறுபத்தேழில் வடிவு தன் பதின்மூன்று வயது மகளோடு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே அந்தப் பிள்ளை எதையோ முணுமுணுத்தது. அதே குரல். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு பாட்டுப் போதும் டீச்சர்" என்றாள் வடிவு. "எனக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி இவளுக்குச் சொல்லிக் குடுத்துறாதீக."