பாதி தின்னு, பாதி விடு

மேய்ச்சல் நில அலுவலகத்தில் வேலை பார்த்த அந்த அம்மாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் புல் மிஸ். அவருடைய வீட்டுக்காரர், தையல்காரர், வைத்திருந்த பெயர் இதைவிட மோசம்; அதை விட்டுவிடுவோம். புல்லைக் கண்டால் புல் மிஸ்ஸுக்குக் கால் நகராது. பஸ் நிறுத்தத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ ஒரு புல்லை விரலால் அளந்துகொண்டிருப்பார். பஸ் போய்விடும். அதற்காகத் துளியும் வருந்த மாட்டார். வாரம் முழுக்க அலுவலகத்தில் கோப்புகளோடு மாரடிப்பதெல்லாம் பள்ளியில் அவர் எடுக்கும் வெள்ளிக்கிழமைக் கடைசி வகுப்புக்காகத்தான். அன்றைக்கு ஐந்தாம் வகுப்பு மொத்தமும் மாடாகிவிடும்.

ஆமாம், மாடுதான். மரத்தட்டுகளில் புல் வளர்த்து, பிள்ளைகளை இரண்டு மந்தையாகப் பிரித்திருந்தார். காகிதம் வெட்டும் கத்திரிக்கோல்தான் வாய். தினமும் இடைவேளையில் மேய்ச்சல். முதல் மந்தைக்கு நாலு தட்டு. ஒன்றில் மேயும்போது மற்ற மூன்றுக்கும் ஓய்வு.

"பாதி தின்னு, பாதி விடு! இலைதான் புல்லுக்கு அடுப்பு. அடுப்பையே தின்னுட்டா வேருக்கு யாரு சமைச்சுப் போடுவாங்க?"

இரண்டாம் மந்தைக்கு ஒரே தட்டு. அதிலேயே மேய்ந்து மேய்ந்து அது மொட்டையாகும். வித்தியாசம் எல்லோருக்கும் பளிச்சென்று புரியும். திட்டம் அவ்வளவுதான்.

வகுப்புக்கு நேர் கீழே தலைமையாசிரியையின் அறை. தலைக்கு மேல் ஒரு மந்தையே "ம்மா" என்று கத்தினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இந்த வெள்ளிக்கிழமை நானே வரேன். பிள்ளைங்க எதையாவது கத்துக்கிட்ட மாதிரி தெரியலைன்னா, அந்த பீரியடு கணக்குக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டார்.

புல் மிஸ்ஸுக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை.

"மொட்டைத் தட்டைத் தூக்கிக் காட்டும்மா. அந்தம்மா வாயடைச்சுப் போயிடுவாங்க," என்றார் தையல்காரர்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. அவர் அறை வாசலில் வரிசையாக வைத்து வளர்க்கும் அழகுப்புல் தொட்டிகளில் ஒன்றை யாரோ வெட்டிவிட்டார்களாம். இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா! புல் மிஸ் இரண்டாம் மந்தையின் தட்டை மூடியிருந்த துணியை விலக்கினார்.

மொட்டையாவது ஒன்றாவது! எல்லாத் தட்டையும்விட அதில்தான் புல் மொசுமொசுவென்று மண்டிக்கிடந்தது. புல் மிஸ் துணியை மறுபடி மூடப் பார்த்தார்.

இரண்டாம் மந்தையின் தலைவி, ரெட்டைச்சடை, எழுந்தாள். "பாவம் மிஸ், அந்தப் புல்லு ரொம்பக் களைச்சுப் போச்சு. அதான் மேய்ச்சலை நிறுத்தி ஓய்வு குடுத்துட்டோம்."

"அப்ப மாடெல்லாம் பட்டினியா?" கேட்டது தலைமையாசிரியை.

"இல்ல மேடம். கீழ மேஞ்சோம்."

"கீழேன்னா?"

ரெட்டைச்சடை விரலால் தரையைக் காட்டினாள். தலைமையாசிரியை விறுவிறுவென்று படியிறங்கினார்; பின்னாலேயே இரண்டு மந்தையும், கடைசியில் கணக்குக்குத் தன் வகுப்பைத் தாரைவார்த்துவிட்ட முகத்தோடு புல் மிஸ்ஸும்.

வெட்டுப்பட்ட தொட்டியில் புல் சரிபாதி உயரத்தில் நின்றது. தையல்காரரே வெட்டியிருந்தாலும் அவ்வளவு நேராக வந்திருக்காது. பக்கத்துத் தொட்டிகளில் ஒரு நுனிகூடக் குறையவில்லை.

"பாதிதான் தின்னோம் மேடம். மத்த தொட்டிக்கெல்லாம் ஓய்வு," என்றாள் ரெட்டைச்சடை, குரல் உள்ளே போக.

தலைமையாசிரியை புடவையை இடுக்கிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெட்டிய புல்லின் அடியிலிருந்து இளம்பச்சையில் புதுத்துளிர்கள் எட்டிப் பார்த்தன. ஒன்றை விரலால் அளந்தார். பிறகு இன்னொன்றை. மணி அடித்தது, அவர் எழுந்திருக்கவில்லை.

"சரி," என்றார் கடைசியில், நிமிராமலே. "அடுத்த வெள்ளிக்கிழமை எந்தத் தொட்டி?"

மந்தை மொத்தமும் "ம்மா!" என்று அலறியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தியது புல் மிஸ்தான்.