கேனில் எழுதிய பெயர்

கோவா கிண்டும் செல்லத்துரை அண்ணன், விறகு தள்ளும் குருசாமி, அட்டைப்பெட்டி மடிக்கும் மாரியக்கா, சட்டி கழுவும் நான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படியில் இன்று காலை நாங்கள் நாலு பேர்.

மாரியக்கா போனைப் பார்த்தாள். "ஏட்டி மைமூன், ராஜபாளையத்துல முஸ்லிம் திருடன் சிக்கிட்டான்னு போட்டிருக்கு."

"நேத்து சிக்குனவனுக்கு என்ன போட்டான்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு வெறும் திருடன்னுதான்."

அதற்குள் பால் அடிபிடித்துவிட்டது. அந்த வாடையில் எனக்கு ஏழு வயது திரும்பி வந்தது.

அப்போது அத்தா மம்சாபுரத்திலிருந்து என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இங்கே பால் கொண்டுவருவார். பால் அளப்பவன் ஒவ்வொரு கேனிலும் சாக்பீஸால் ஊர்ப்பெயரை எழுதுவான். எங்கோ குண்டு வெடித்த மறுநாள் அத்தாவின் கேனில் வேறு என்னவோ எழுதினான். அத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைக் கேட்டார். எழுத்துக் கூட்டி நான்தான் வாசித்தேன்: "துலுக்கன்."

"ஊர்ப்பேரை எழுதுங்கண்ணே" என்றார் அத்தா.

அவன் சிரித்தான். "எழுதுனா என்ன பாய்? நீரு அதானே?"

"அப்ப எல்லாரு கேன்லயும் சாதியை எழுதும்."

"ஊத்துனா ஊத்தும். இல்லைன்னா தூக்கிட்டுப் போவும்."

வரிசையில் நின்ற கூமாப்பட்டிப் பால்காரர்கள் தங்கள் கேன்களை முன்னால் நகர்த்தினார்கள். எங்கள் வீட்டில் உலை வைப்பது அந்தப் பால் காசில்தான். அத்தா துண்டை நனைத்து எழுத்தைத் துடைத்தார். கேனை மறுபடி சைக்கிளில் கட்டினார்.

எழுதியவன் செத்துப்போய்விட்டான். அவன் மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பிய பால் பதினெட்டு லிட்டர்.