ஃபோர்க்கைக் கழற்றாமல் விலை சொல்லாதீர்கள்

காதர் பாய் சைக்கிளைத் தூக்கிவந்து என் பழைய சைக்கிள் கடை வாசலில் சாய்த்தார். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கு முறிந்து தனியாக வந்திருந்த முன் சக்கரத்தை அவருடைய மருமகள் ஷகிலா கையில் வைத்திருந்தார். வளைந்த ஹேண்டில், மெல்லிய டயர் கொண்ட பழைய ரோடு சைக்கிள் அது.

அதை ஓட்டியவர் பாயின் மகன், ஷகிலாவின் கணவர் அன்வர். போடியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போடிமெட்டு ஏறி இறங்குவார். இவர்கள் கடைக்கு வந்ததற்கு முந்தைய மாதம், இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் விழுந்து இறந்துபோனார். பிரேக்கே பிடிக்காமல் கண்மண் தெரியாத வேகத்தில் வந்தார் என்று ஊரில் பேச்சு. பாயும் அதை நம்பினார். மகனை நினைத்து அழாமல் திட்டிக்கொண்டே இருக்கிறார் என்று ஷகிலா சொல்லியிருந்தார்.

"எது தேறுமோ எடுத்துக்கங்க. இது எங்க வீட்ல இருக்க வேணாம்" என்றார் பாய்.

பழைய சைக்கிளில் நான் பெயிண்டைப் பார்ப்பதில்லை. ஃப்ரேம் இணையும் இடங்களில் விரலை ஓட்டுவேன். பிறகு ரிம், பிரேக், செயின். அன்றும் அப்படித்தான் பார்த்தேன். பிரேக் கட்டை புதிது. கேபிளில் குறையில்லை. பின் டயரில் ஒரே இடத்தில் மட்டும் ரப்பர் தட்டையாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் சுற்றாமல் தார் ரோட்டில் இழுபட்டால்தான் அப்படித் தேயும்.

அடுத்து, ஃப்ரேமுக்குள் தங்கிவிட்ட ஃபோர்க்குத் தண்டைக் கழற்றினேன். விழுந்ததில் முறிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முறிந்த வாயில் பாதிக்கு மேல் கறுத்த பழைய துரு. மிச்சம்தான் புது இரும்பாக வெளுத்திருந்தது.

"என்னண்ணே பாக்குறீக?" என்று ஷகிலா கேட்டார்.

"இது அன்னைக்கு ஒடைஞ்சது இல்லம்மா. ரொம்ப நாளா உள்ளுக்குள்ள கீறல் விட்டு வந்திருக்கு. வெளிய தெரியாது. வளைவுல அவரு பிரேக் புடிச்சிருக்காரு, அந்த இழுப்புல மிச்சமும் விட்டுருச்சு."

பாய் என் பக்கம் திரும்பினார். "அப்ப எம்மவன் வேகமா வரலையா?"

"வேகம் எனக்குத் தெரியாது பாய். பிரேக் புடிச்சது தெரியுது."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டயரின் தேய்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. அப்படியே அழுதார். ஷகிலா அவரைத் தடுக்காமல் பக்கத்தில் நின்றார்.

விழுந்ததில் ஃப்ரேமும் வளைந்திருந்தது. வேறு ஃபோர்க்கு மாட்டி யாரும் ஓட்டிவிடக் கூடாது என்று அவர்கள் முன்னாலேயே அறுத்துப் போட்டேன்.

அன்வர் அதை யாரிடமோ செகண்ட் ஹேண்டாக வாங்கியிருக்கிறார். விற்றவருக்கும் கீறல் தெரிந்திருக்காது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபோர்க்கைக் கழற்றி, கிரீஸைத் துடைத்து, தண்டின் அடியில் நகத்தால் சுற்றிலும் தடவிப் பாருங்கள். அதுவரை விலை சொல்லாதீர்கள். அவசரப்படுகிறவர் வேறு கடைக்குப் போகட்டும். நம் ஊரில் ரோடு சைக்கிள் வாங்குகிறவர் மலைக்குத்தான் போவார். அங்கிருந்து அவர் இறங்கி வரவேண்டும்.