போட்டோவில் இருந்தவன்

நகரியில் எங்கள் தெருவில் தனசேகர் என்று ஒருவன் இருக்கிறான். விசைத்தறிச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன், அதனால் நாற்பது வயது தாண்டுவதற்குள் காது முக்கால்வாசி போய்விட்டது. அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்த வேண்டும். அவன் பெண்சாதி தாட்சாயணி அவனைக் கொஞ்சினாலும் திட்டினாலும் தெருக்கோடி வரை கேட்கும். பக்கத்து வீட்டுக்காரனான எனக்குக் கேட்காமலா இருக்கும்?

ஆண்டவன் அவனுக்கு அழகென்று கொடுத்தது இரண்டுதான். ஒன்று, சுருட்டை முடி. இன்னொன்று, காது வரைக்கும் ஓடும் மீசை. பாஸ்போர்ட் போட்டோவில் இரண்டும் பிரமாதமாக விழுந்திருந்தன. அதைப் பார்த்தால் ஏதோ சர்க்கிள் இன்ஸ்பெக்டர் என்று நினைப்பீர்கள். நேரில் பார்த்தால் பஞ்சு ஒட்டிய பனியன் போட்ட தறிக்காரன்தான்.

குவைத்தில் ஒரு காய்கறி குடோனில் மூட்டை அடுக்கும் வேலைக்கு அவனுக்கு விசா வந்தது. அதற்காக வீட்டில் இருந்த தறிகளைப் பழைய இரும்புக்கு எடை போட்டு விற்றிருந்தான். இனி நகரியில் அவனுக்கென்று ஒரு வேலையும் கிடையாது. மாசக் கடைசிக்குள் குவைத்தில் போய் இறங்க வேண்டும், இல்லையென்றால் விசா செத்துவிடும் என்று ஏஜெண்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

விசா வந்தால் முடி காணிக்கை தருவதாகத் தாட்சாயணி ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். தன் முடியை அல்ல, புருஷன் முடியை. கெட்டிக்காரி. சாமிக்குக் கொடுக்க வேண்டியதை வைத்துக்கொண்டு கடல் தாண்டக் கூடாது என்று விமானத்துக்கு முதல் நாள் அவனைத் திருமலைக்கு அனுப்பிவைத்தாள். வேண்டுதல் தலைக்கு மட்டும்தான். இவன் மொட்டை அடிக்கும் கல்யாணகட்டாவில் உட்கார்ந்ததும் பக்தி முற்றிப்போய், மீசையையும் எடுக்கச் சொல்லிவிட்டான். சாமி கேட்காத மீசை அது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றவில்லை. எங்கள் பக்கம் எந்த பஸ்ஸில் ஏறினாலும் நாலு மொட்டை இருக்கும். மொட்டை அடித்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சாமி பார்த்துவிட்டு வந்தாயா, கூட்டம் எப்படி என்றுதான் கேட்போம்.

எந்த ஏர்ப்போர்ட் என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் நாளைக்கு நான் போகும்போது என் பையைப் பிரித்துக் கொட்டுவார்கள். வழியனுப்ப நானும் போயிருந்தேன். கொஞ்ச வருஷம் சூரத்தில் தறி ஓட்டியதால் எனக்கு இந்தி வரும், அங்கே வாசலில் நிற்பவர்களுக்கு நம் பாஷை எதுவும் வராது.

வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். தனசேகரைப் பார்த்தார். மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"இது நீ இல்லை" என்றார்.

நான் குறுக்கே போய்ச் சொன்னேன். திருப்பதி மொட்டை சார், நேற்றுதான் அடித்தது, தலையில் சந்தனம்கூடக் காயவில்லை பாருங்கள் என்றேன். மீசை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, மீசை வடிவத்திலேயே தெரிந்தது. அதையும் விரலால் தொட்டுக் காட்டினேன். போட்டோவில் இருந்த மீசைக்கு அச்சடித்த மாதிரி இருந்தது அது. கண் இருக்கிறவன் யாரும் ஒத்துக்கொள்வான்.

"போட்டோவில் முடி இருக்கிறது. இவனுக்கு இல்லை" என்றார் காவலர்.

ஆதார் அட்டையைக் காட்டினோம், அதிலும் அதே மீசை. போன வாரம் எவனோ வேறொருத்தன் பாஸ்போர்ட்டில் உள்ளே போய் மாட்டிக்கொண்டானாம், அதிலிருந்து கெடுபிடியாம். நாங்கள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. அப்பன், மகன் இரண்டு பேரும் மொட்டை, இரண்டு பேர் தலையிலும் சந்தனம். அப்பன் கழுத்தில் கனமான சங்கிலி. அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தான், காவலரும் சிரித்து உள்ளே விட்டார். இங்கிலீஷ் பேசினால் மொட்டையில்கூட முடி தெரியும்போல.

"அவங்களை மட்டும் விட்டீங்களே?" என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் எங்களைக் கெடுத்தது. காவலருக்கு ரோஷம் வந்துவிட்டது. தனசேகரைக் கையைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கவைத்தார். பிறகு பின்னாலிருந்து, சாதாரணக் குரலில், "தனசேகர்" என்று கூப்பிட்டார்.

அவன் திரும்பவில்லை. அவன் காதில் எப்படி விழும்? இன்னொரு தரம் கூப்பிட்டார். அவன் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு பணிவாக நின்றான்.

"சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாய்கூடத் திரும்பும்" என்றார் காவலர்.

காது கேட்காது சார் என்று நான் கத்தியதை, மாட்டிக்கொண்டவன் சொல்லும் சாக்கு என்று முடிவுகட்டிவிட்டார். பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். அவரும் போட்டோவையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முடி வளர்ந்த பிறகு வா என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். விமானம் எங்கள் தலைக்கு மேலேயே போனது. அந்தச் சத்தம் தனசேகருக்குக் கேட்டது. "அதானா வரதா?" என்று கேட்டான். அதுதான் என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கண்ணாடிக் கதவை உடைத்திருப்பேன். துப்பாக்கி காவலர் கையில் இருந்தது, நான் உடைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தாட்சாயணி சின்ன வெங்காயத்தை அரைத்து அவன் மொட்டையில் தேய்த்தாள். விளக்கெண்ணெய் தடவினாள். காலையில் எழுந்ததும் புருஷன் முகத்தைப் பார்க்காமல் தலையைத்தான் தடவிப் பார்த்தாள். "இன்னும் மொளைக்கலயே நைனா" என்று அவன் மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போனாள். ஒருவழியாக முளைத்தது. முளைத்ததில் பாதி வெள்ளை.

மாசக் கடைசி நெருங்கியதும் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தான். தனசேகர் தலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அப்போது கூடத்தில் படுத்துக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்த கிரண்குமார் அவன் கண்ணில் பட்டான். கிரண்குமார் தனசேகரின் தம்பி. தகப்பன் செத்த பிறகு அண்ணன் வளர்த்த பிள்ளை. வேலைக்கென்று எங்கேயும் போனதில்லை, அண்ணனைப் பார்த்து மீசை மட்டும் வளர்த்திருந்தான். அதே சுருட்டை, அதே மீசை. அந்த போட்டோ தனசேகருடையது என்பதைவிடக் கிரண்குமாருடையது என்றால் இன்னும் நன்றாக நம்பலாம்.

"இவன் போலாமே" என்றான் ஏஜெண்ட்.

தாட்சாயணி கத்தினாள். "எங்க வூட்டுக்காரரு பேர்ல இவன் போறதா? நல்லாக்கீதே ஞாயம்!"

"இல்லன்னா விசா போச்சும்மா. அப்புறம் இன்னா துன்னுவீங்க?"

நான்தான் எல்லாவற்றையும் தனசேகர் காதில் கத்திச் சொன்னேன். கடைசியில் அவனே தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். அப்பன் பெயர், அம்மா பெயர் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த தேதியை மட்டும் சொல்லிக்கொடுத்தான். பிறகு, தனசேகர் என்று கூப்பிட்டால் சட்டென்று திரும்பப் பழக்கினான். அவனே பின்னால் நின்று தன் பெயரைக் கூப்பிடுவான், தம்பி திரும்புவான். "சம்பளம் பூரா உனக்குத்தாண்ணா. நான் அங்க துன்றதுக்கு மட்டும் எடுத்துக்கறேன்" என்றான் கிரண்குமார். அண்ணன் அதை நம்பினான். தூக்கி வளர்த்த பிள்ளை, நம்பாமல் என்ன செய்வான்?

மறுபடியும் அதே ஏர்ப்போர்ட். எங்கள் கெட்ட நேரம், வாசலில் அதே காவலர். தனசேகர் தூரத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். கிரண்குமார் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனான். காவலர் போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தலையை ஆட்டினார். ஒரே நிமிஷம்தான். போய்விட்டான் என்று நான் மூச்சுவிட்டேன்.

அப்போதுதான் அவன் ஊறுகாய்ப் பையை எங்களிடமே விட்டுவிட்டது தெரிந்தது. நான் தடுப்பதற்குள் தனசேகர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். தம்பி அங்கே போய் ருசியில்லாமல் சாப்பிடுவானே என்று ஓட்டம்.

"நில்!" என்றார் காவலர்.

அவனுக்குக் கேட்கவில்லை, ஓடிப்போய் அவர் மேலேயே மோதிக்கொண்டான். அவர் அரைகுறையாக முளைத்திருந்த அந்தத் தலையைப் பார்த்தார். கிரண்குமாரைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை மறுபடி வாங்கிப் பார்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. இப்போது மூன்று பேரும் ஜெயிலுக்கு என்று நினைத்தேன்.

காவலர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. "ஓ, அண்ணன் தம்பியா?" என்றார். "அன்றைக்கு நீ உன் அண்ணன் பாஸ்போர்ட்டைத் திருடிக்கொண்டு வந்தாய். மொட்டை அடித்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாய், இல்லையா? நான் அன்றைக்கே சொன்னேன், இது நீ இல்லை என்று."

அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! பக்கத்தில் நின்ற இன்னொரு காவலரைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னார். அவர் இவர் தோளில் தட்டினார்.

"இன்னா சொல்றாரு?" என்று தனசேகர் என்னைக் கேட்டான். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவன் காதில் கத்தினேன். "நீ உங்க அண்ணன் பாஸ்போர்ட்ட திருடினவனாம்டா."

"உன் பெயர் என்ன?" என்று கேட்டார் காவலர். அதை நான் தனசேகர் காதில் கத்தினேன்.

தனசேகர் என்னைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். "கிரண்குமார் சார்" என்றான்.

"ஜெயிலில் போட வேண்டும். உன் அண்ணன் முகத்துக்காக விடுகிறேன். அண்ணனிடம் மன்னிப்புக் கேள்."

அதையும் நான்தான் காதில் கத்தினேன். தனசேகர் ஊறுகாய்ப் பையைக் கீழே வைத்தான். தான் தோளில் தூக்கி வளர்த்தவனைப் பார்த்துக் கையைக் கூப்பினான். "மன்னிச்சிடுண்ணா" என்றான்.

கிரண்குமார் தலை குனிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அவன் மீசையை நீவிக்கொண்டான். காவலருக்கே கேட்கும்படி, "சரி, போ. இனிமே ஒழுங்கா இரு" என்றான். குனிந்து பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது தனசேகர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். புத்தூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினான்.

"அவன் அப்டி சொன்னது அந்த போலீஸ்காரருக்காகத்தானே வரதா?"

ஆமாம் என்று அவன் காதில் கத்தினேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன், சரியாகக் கேட்கவில்லை என்று, இன்னொரு தரம் சொல்லச் சொன்னான்.